லீட்ஸில் காணாமல்போன ஒரு பப்: எள்ளுத்தாத்தாவின் லைசென்ஸைத் தேடிப் பிடிப்பது

கேள்வி: என் கணவர் யார்க்ஷயர்க்காரர். அவருடைய எள்ளுத்தாத்தாவும் எள்ளுப்பாட்டியும் 1860–70களில் லீட்ஸ் நகரத்தில், ஹன்ஸ்லெட் பக்கம் ஒரு பப் நடத்தினார்களாம். பெயர் ‘ரெட் லயன்’ என்று என் மாமியார் சொல்கிறார். சொந்தக் கட்டடம், பிறகு கைவிட்டுப் போய்விட்டது என்பது குடும்பத்தில் சொல்லும் கதை. நேரில் போய்ப் பார்த்தோம். சாலையும் கிடங்குகளும்தான் இருக்கின்றன. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பதில்:

முதலில் ‘ரெட் லயன்’ என்ற பெயரைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். இங்கிலாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ரெட் லயன். குடும்பத்தின் நினைவில் கடையின் பெயர்தான் கடைசிவரை தங்கும், ஆனால் அரசாங்கக் காகிதங்கள் லைசென்ஸைச் சுற்றி எழுதப்பட்டவை. கடைக்காரர் மாறுவார், பெயர்ப்பலகை மாறும், கட்டடத்தையே இடித்துவிட்டு எதிர்ப்பக்கம் கட்டுவார்கள். லைசென்ஸ் மட்டும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆள், கட்டடம், லைசென்ஸ் என்று மூன்றையும் தனித்தனியாகத் தேடி, மூன்றும் சந்திக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாருடைய பப்பையோ சொந்தம் கொண்டாடிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, அவர் நடத்தியது எந்த வகைக் கடை? இதைக் கேட்காமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் நாள் வீணாகும், அதனால் கொஞ்சம் சட்டக் கதை சொல்லியாக வேண்டும்.

1552-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஏல் (ஒரு வகை பீர்) விற்க இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி தேவைப்பட்டது. கடையில் ஒழுங்கு கெடாது, சூதாட்டம் நடக்காது என்று கடைக்காரர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுப்பார். 1753-இல் வந்த இன்னொரு சட்டம் அந்தப் பிணைகளுக்கு ஒழுங்காகப் பதிவேடு வைக்கச் சொன்னது. 1828-இல் பிணை முறையே போய்விட்டது. 1872 சட்டம்தான் லைசென்ஸ் பதிவேட்டை மறுபடி கட்டாயமாக்கியது. ஆக, 1828-க்கும் 1872-க்கும் நடுவில் 44 வருடம் ஒரு பெரிய பள்ளம். உங்கள் எள்ளுத்தாத்தா கடையைத் திறந்தது அநேகமாக அந்தப் பள்ளத்துக்குள்தான்.

இன்னொரு சிக்கல் 1830-இல் வந்தது. ஜின் குடித்து மக்கள் கெட்டுப்போகிறார்கள், பீரைத் தாராளமாக விட்டால் சரியாகிவிடும் என்று அரசாங்கம் நினைத்தது. வரி கட்டுகிற குடும்பத் தலைவர் யாராக இருந்தாலும் கலால் துறைக்கு இரண்டு கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பணம்) கட்டிவிட்டுத் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை என்று சட்டம் போட்டார்கள். ஆறே மாதத்தில் நாடு முழுக்க 24,000-க்கும் மேல் பீர்ஹவுஸ்கள் முளைத்துவிட்டன. அவற்றில் பீர் மட்டும்தான், விஸ்கி, ஜின் கிடையாது. 1869-இல்தான் இவற்றை மறுபடி மாஜிஸ்திரேட்டுகளின் பிடிக்குள் கொண்டுவந்தார்கள்.

லீட்ஸ் போன்ற ஆலை நகரத்தில் 1860-களில் புதிதாகக் கடை திறந்த ஒரு தொழிலாளியின் இடம் பெரும்பாலும் பீர்ஹவுஸாகத்தான் இருந்திருக்கும். வரிசை வீடுகளின் மூலையில் ஒரு வீடு, அதன் முன்னறையில் பெஞ்சு, நிலவறையில் பீப்பாய், அவ்வளவுதான். பல பீர்ஹவுஸ்களுக்கு ஆரம்பத்தில் பெயரே கிடையாது. பெயர் இருந்தாலும் அது அக்கம்பக்கத்துக்காரர்கள் வாயில் இருந்ததே தவிர காகிதத்தில் ஏறவில்லை. உங்கள் ‘ரெட் லயன்’ எந்தப் பட்டியலிலும் அகப்படாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாமியார் சொன்னது பொய் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3 ஆகிய மூன்று இரவுகளிலும் இந்தக் குடும்பம் எங்கே தூங்கியது என்று பாருங்கள். தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். ‘லைசென்ஸ்டு விக்சுவலர்’ அல்லது ‘இன்கீப்பர்’ என்றிருந்தால் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டிடம் முழு லைசென்ஸ் வாங்கிய கடை. ‘பீர் ரீடெய்லர்’, ‘பீர்ஹவுஸ் கீப்பர்’ என்றிருந்தால் மேலே சொன்ன இரண்டு கினி கடை. தொழில் கட்டத்தில் பீர் என்ற சொல்லே இல்லாமலும் போகலாம், சோர்ந்துவிடாதீர்கள். ஹன்ஸ்லெட்டில் எஞ்சின் பட்டறைகள் அதிகம்; பக்கத்து ஹோல்பெக்கில் நார்த்துணி ஆலைகள். பகலில் கணவன் பட்டறைக்குப் போவான், கடையை மனைவி பார்த்துக்கொள்வாள். கணக்கெடுக்க வந்தவரிடம் ‘மெக்கானிக்’ என்று மட்டும் சொல்லியிருப்பான்.

அந்தப் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு எண் இருக்கும். நிறையப் பேர் அதை வீட்டு எண் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கணக்கெடுப்புப் படிவத்தின் வரிசை எண். வீட்டு எண் இருந்தால் தெருப் பெயரோடு சேர்ந்து இருக்கும், பல நேரங்களில் இருக்காது. அதனால் அந்த ஒரு வரியை மட்டும் பார்க்காமல் முன்னும் பின்னும் நாலு பக்கம் படியுங்கள். கணக்கெடுப்பாளர் எந்தச் சந்தில் நுழைந்து எந்த மூலையில் திரும்பினார் என்பது புரியும். அந்தப் பகுதிக் கட்டின் முதல் பக்கத்தில் அவர் நடந்த வழியையே எழுதி வைத்திருப்பார்கள். இடையில் ஒரு தேவாலயமோ வேறொரு பெரிய பப்போ வந்தால் அது உங்களுக்கு அடையாளக் கல்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கு போதாது. பப் நடத்தியவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் கடை மாறுவது சாதாரணம். இடைவெளியை நிரப்பப் பிள்ளைகளைப் பிடியுங்கள். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்புப் பதிவு இருக்கிறது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் கன்னிப் பெயரைப் போட்டே தேடலாம், அதற்குக் காசு கிடையாது. சான்றிதழுக்குத்தான் காசு. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் பிறந்த இடம், தகப்பன் தொழில் இரண்டும் இருக்கும். ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஐந்து தேதிகளில் ஐந்து முகவரிகள். எல்லாவற்றையும் வாங்க வசதியில்லை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். 1813 முதல் அச்சடித்த படிவத்தில் குடியிருப்பும் தகப்பன் தொழிலும் தனிக் கட்டங்களாக வருகின்றன.

முகவரி கையில் வந்ததும் வணிக டைரக்டரிகள், அதாவது ஊர்க் கடைக்காரர்களின் பெயரும் முகவரியும் அச்சான புத்தகங்கள். யார்க்ஷயருக்கு 1822-இல் வந்த பெயின்ஸ் டைரக்டரி, 1853-இல் வந்த வொய்ட் டைரக்டரி, பிறகு கெல்லி என்று வரிசையாக இருக்கின்றன. லெஸ்டர் பல்கலைக்கழகம் பழைய டைரக்டரிகள் பலவற்றைப் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம். பப்களுக்கான பட்டியலில் கடைப் பெயர், தெரு, ஆள் பெயர் மூன்றும் வரும். பீர் விற்பவர்களுக்குத் தனிப் பட்டியல். அதில் ஆள் பெயரும் தெருவும் மட்டும்தான், கடைப் பெயர் வராது. முதல் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ‘ஆளே இல்லை’ என்று மூடி வைக்காதீர்கள். டைரக்டரியில் வந்த தகவல் அச்சாகும்போதே சில மாதம் பழசு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பொறுத்தவரை லீட்ஸ்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். யார்க்ஷயரையும் லங்காஷயரையும் அரசாங்க வரைபடத் துறையான ஆர்டினன்ஸ் சர்வே 1840-களிலேயே விரிவாக அளந்தது. நகரங்களுக்கு மைலுக்கு ஐந்தடி என்ற அளவில் வரைந்தார்கள். 1850-இல் வெளியான லீட்ஸ் தாள்களில் தெருக்குழாயும் சந்தும் முற்றமும்கூடத் தெரியும், ‘இன்’ எனப்படும் தங்கும் விடுதிகளின் பெயர்களும் எழுதியிருக்கும். 1890 வாக்கில் இன்னும் பெரிய அளவில் மறுபடி வரைந்தார்கள். லீட்ஸ் மத்திய நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கேளுங்கள். சிறிய அளவு வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இன்றைய வரைபடத்தின் மேல் பழையதை வைத்து நகர்த்திப் பார்க்கிற வசதியும் உண்டு. ‘P.H.’ என்று இருந்தால் பப், ‘B.H.’ என்று இருந்தால் பீர்ஹவுஸ். தமிழில் இரண்டும் ‘பி.எச்.’ என்றே ஒலித்தாலும் ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு, உற்றுப் பாருங்கள். நீங்கள் நின்று பார்த்த கிடங்கின் எந்தச் சுவருக்குக் கீழே அந்த மூலை இருந்தது என்பது இதில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: தெரு எண்களை நம்பிவிடாதீர்கள். காலி மனைகளில் வீடு எழும்பும்போதும், இரட்டைப் பெயர்த் தெருக்களைச் சரிசெய்யும்போதும் எண்கள் மாறியிருக்கின்றன. மூலை, குறுக்குத் தெரு, பக்கத்துக் கடை இவற்றைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இப்போது லைசென்ஸ் பதிவேடு. வெஸ்ட் யார்க்ஷயர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் ஏல்ஹவுஸ் லைசென்ஸ் ஏடுகளில் 1771 முதல் 1962 வரையான ஒரு தொகுப்பை ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சந்தா கட்ட வேண்டாம், இங்கிலாந்தின் பல பொது நூலகங்களில் அங்கேயே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். ஹன்ஸ்லெட் லீட்ஸ் நகர எல்லைக்குள் இருந்தது. நகர மாஜிஸ்திரேட்டுகளின் ஏடு வேறு, வெஸ்ட் ரைடிங் (யார்க்ஷயரின் மேற்குப் பிரிவு) மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளின் ஏடு வேறு. நகரத்து ஏட்டைக் கேட்டு வாங்குங்கள்.

1872-க்குப் பிந்தைய பதிவேட்டுப் பக்கம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் மனிதருக்குச் சந்தோஷம் தாங்காது. ஒரு கடைக்கு ஓர் இடம். கடைப் பெயர், தெரு, எந்த வகை லைசென்ஸ், கட்டட உரிமையாளர் யார், லைசென்ஸ் வைத்திருப்பவர் யார், எந்தத் தேதியில் யாருக்கு மாறியது என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாற்றம் நடக்க நடக்கப் பழைய பெயரை அடித்துவிட்டு அதன் கீழே புதுப் பெயரை வேறு மையில் எழுதியிருப்பார்கள். அதனால் ஒரே கட்டத்தில் பத்து இருபது வருடத்துக் கடைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். வலது ஓரத்தில் தண்டனைக் கட்டம்: இன்ன தேதியில் குடிபோதையை அனுமதித்ததற்கு அபராதம், இன்ன தேதியில் நேரம் தாண்டித் திறந்ததற்கு அபராதம். காலியாக இருந்தால் எள்ளுத்தாத்தா நல்ல பிள்ளை. எழுதியிருந்தால் உங்களுக்கு லாபம், ஏனென்றால் அந்தத் தேதியை வைத்துச் செய்தித்தாளில் முழுக் கதையையும் எடுத்துவிடலாம்.

‘1869-க்கு முந்தியது’ என்ற குறிப்பு பதிவேட்டிலோ ஏல விளம்பரத்திலோ கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1869 சட்டம் வருவதற்கு முன்பே இயங்கிய பீர்ஹவுஸ்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. குறிப்பிட்ட நான்கு காரணங்கள் தவிர வேறு எதற்காகவும் மாஜிஸ்திரேட்டுகள் அவற்றின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. அதனால் அந்தக் கடைகளுக்கு விலை அதிகம். அந்த ஒரு குறிப்பு, ஏடே இல்லாத 1860-களில் கடை இருந்தது என்பதற்குச் சாட்சி.

உரிமையாளர் கட்டத்தை நிதானமாகப் பாருங்கள். சொந்தக் கட்டடம் என்ற குடும்பக் கதை அங்கேதான் நிற்கும் அல்லது விழும். என் அனுபவத்தில் இந்தக் கதைகளில் பெரும்பாலானவை விழுந்துவிடும். பப்பை ‘வைத்திருந்தார்’ என்பது இரண்டு தலைமுறை தாண்டினால் ‘சொந்தமாக வைத்திருந்தார்’ ஆகிவிடுகிறது. ஆனால் 1860–70களின் லீட்ஸில் சொந்தமாக இருந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது அந்தப் பக்கம் பல கடைக்காரர்கள் தாங்களே பீர் காய்ச்சி விற்றார்கள். மதுபான ஆலைகள் கடைகளை வளைத்து வாங்கியது பிறகுதான். ஹன்ஸ்லெட்டிலேயே 1822 முதல் இயங்கிய டெட்லி ஆலைகூட 1890-இல்தான் சொந்தமாகப் பப் வாங்கத் தொடங்கியது. அதன் பிறகு எல்லாம் வேகமாக ஆலைகள் கைக்குப் போனது. ‘கைவிட்டுப் போனது’ என்று மாமியார் சொல்வது அந்த விற்பனையாகவும் இருக்கலாம்.

இதை உறுதி செய்ய இங்கிலாந்தின் பெரும்பாலான மாவட்டங்களில் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. வேக்ஃபீல்டில் வெஸ்ட் ரைடிங் பத்திரப் பதிவகம் 1704-இல் தொடங்கி 1970 வரை இயங்கியது. நம்ம ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போலவே, விற்றவர் பெயரை வைத்துப் பத்திரத்தின் சுருக்கத்தை எடுத்துவிடலாம். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பணம் போட்டவர்கள் பாதுகாப்புக்காகப் பதிந்தார்கள், அடமானங்களும் பதிவாகியிருக்கின்றன. மலைபோல் ஏடுகள், பெயர் அட்டவணையில்தான் நுழைய வேண்டும். எள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தால் எல்லை விவரம் வரும்: வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்ன தெரு, இத்தனை சதுர கெஜம், மேலே கட்டிய பீர்ஹவுஸும் பீர் காய்ச்சும் கொட்டகையும் சேர்த்து என்று. கடன் கொடுத்தவர் ஒரு மதுபான ஆலைக்காரர் என்றால் கடை எப்படிக் கைமாறியது என்பதற்கும் விடை பாதி கிடைத்த மாதிரி. அந்த ஏடுகள் இப்போது வேக்ஃபீல்டில் உள்ள வெஸ்ட் யார்க்ஷயர் வரலாற்று மையத்தில் இருக்கின்றன.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது செய்தித்தாள். பதிவேடு எலும்பைத்தான் தரும். லீட்ஸ் மெர்க்குரி, லீட்ஸ் டைம்ஸ், 1866-இல் யார்க்ஷயர் போஸ்ட் ஆக மாறிய லீட்ஸ் இன்டெலிஜென்சர் எல்லாம் பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. ஆளின் குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் குப்பைதான் வரும், அதுவும் ஸ்மித், வாக்கர் மாதிரிப் பெயர் என்றால் சொல்லவே வேண்டாம். தெருப் பெயரோடு ‘பீர்ஹவுஸ்’ என்று போட்டுத் தேடுங்கள். பழைய அச்சை இயந்திரம் தப்புத் தப்பாகப் படித்திருக்கும். ஒரே பெயரை நாலு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

எந்த மாதிரிச் செய்தி வரும் தெரியுமா? வருடத்துக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுகள் கூடி எல்லா லைசென்ஸையும் புதுப்பிக்கும் அமர்வு நடக்கும். யார் யாருக்கு எதிர்ப்பு, போலீஸ் என்ன சொன்னது என்று பத்திரிகை விவரமாகப் போடும். குறிப்பாக 1869 இலையுதிர் காலத்தைப் புரட்டுங்கள். பீர்ஹவுஸ்கள் முதல்முறையாக மாஜிஸ்திரேட் முன் வந்து நின்றது அப்போதுதான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயப் பிரார்த்தனை நேரத்தில் கதவைத் திறந்து வைத்த வழக்குகள். போலீஸ்காரர் சன்னல் வழியாகப் பார்த்தாராம், உள்ளே ஏழு பேர் இருந்தார்களாம், கடைக்காரர் மனைவி ஒரு ஜாடியை ஏப்ரனுக்குள் மறைத்தாராம் என்கிற வகைச் சாட்சியங்கள் வரும். குடும்பத்தில் யாரும் சொல்லாத விஷயமெல்லாம் அதில் கிடைக்கும்.

மரண விசாரணைகளையும் பாருங்கள். பொது மண்டபம் இல்லாத காலத்தில் கரோனர் (மரண விசாரணை அதிகாரி) பக்கத்துப் பப்பில்தான் ஜூரியை உட்கார வைத்தார். ஆலையில் கை சிக்கி இறந்தவர், கால்வாயில் மிதந்தவர் என்று எல்லா விசாரணையும் ஏதோ ஒரு பப்பின் பெயரோடு அச்சாகியிருக்கும். 1902-இல் வந்த சட்டம்தான், வேறு தகுந்த இடம் இருந்தால் பப்பில் நடத்தக் கூடாது என்றது. ஏல விளம்பரங்கள் இன்னும் மேல்: பார், டேப்ரூம் (சாதாரண வாடிக்கையாளர்கள் குடிக்கும் அறை), நிலவறை, பீர் காய்ச்சும் கொட்டகை, லாயம், இப்போது குடியிருப்பவர் இன்னார் என்று கட்டடத்தையே கண்முன் நிறுத்திவிடும். தொழில் நொடித்துப் போயிருந்தால் அரசிதழான லண்டன் கெசட்டில் திவால் அறிவிப்பு இருக்கும். அதில் அவர் முன்பு நடத்திய கடைகளையும் வரிசையாகச் சொல்லியிருப்பது உண்டு. கெசட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

பப் எப்படி மறைந்தது என்பது தனித் தேடல். பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 1904 சட்டத்தின்படி, தேவைக்கு அதிகமான பப்களை மூடி, மற்ற பப்களிடம் வசூலித்த நிதியிலிருந்து இழப்பீடு கொடுத்தார்கள். அந்தக் கோப்புகள் கிடைத்தால் புதையல். சுற்றி இத்தனை கெஜத்துக்குள் எத்தனை பப், வாரத்துக்கு எத்தனை பீப்பாய் விற்பனை, கழிப்பறை எப்படி, போலீஸ் கருத்து என்ன என்றெல்லாம் இருக்கும். இழப்பீட்டில் பெரும்பங்கு கட்டட உரிமையாளருக்கு, கடைக்காரருக்குச் சொற்பம். இன்னொன்று குடிசை மாற்று இடிப்பு. லீட்ஸில் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள் அதிகம். அவற்றை 1937 வரை கட்டிக்கொண்டே இருந்த நகரம் அது. 1930-களில் குவாரி ஹில் பகுதியைத் துடைத்தெறிந்து அடுக்குமாடிகள் கட்டினார்கள், அந்த அடுக்குமாடிகளையும் 1978-இல் இடித்தார்கள். ஹன்ஸ்லெட்டில் போர் முடிந்த பிறகும் பெரிய அளவில் இடித்தார்கள், சாலைகளும் வந்தன. புறநகரில் புதுக் குடியிருப்பு எழும்போது, பழைய பகுதியின் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு அங்கே புதுப் பப் திறக்க மாஜிஸ்திரேட்டுகள் அனுமதித்தது உண்டு. அதனால் பதிவேட்டின் கடைசி வரியில் ‘ஒப்படைக்கப்பட்டது’, ‘மாற்றப்பட்டது’ என்று இருந்தால் எங்கே மாறியது என்று தொடருங்கள்.

மூடுவதற்கு முந்தைய நிலையைப் பார்க்க 1910 நில மதிப்பீடு உதவும். நாட்டிலுள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் வரிக்காக அளந்த கணக்கு அது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அதன் களக் குறிப்பேடுகள் இருக்கின்றன. முதலில் வரைபடத்தில் மனை எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அந்த எண்ணுக்கான குறிப்பேடு. மாடியில் எத்தனை அறை, கூரை எப்படி, உரிமையாளர் யார் என்று இருக்கும். படம் வேண்டுமென்றால் லீட்ஸ் நூலகத்தின் ‘லியோடிஸ்’ புகைப்படத் தளம். இடிப்பதற்கு முன் நகராட்சி எடுத்த படங்கள் அங்கே ஏராளம். கடைப் பெயரை விட்டுவிட்டுத் தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பப் படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். கதவுக்கு மேலே சின்ன எழுத்தில் லைசென்ஸ்காரர் பெயர் எழுத வேண்டும் என்பது சட்டம். படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெயரைப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டால் படம் எடுத்த காலம் தெரிந்துவிடும்.

உயிலை மறந்துவிடாதீர்கள். 1858 ஜனவரி 12-க்குப் பிறகு இறந்தவர் என்றால் தேசிய உயில் அட்டவணையிலேயே பெயர், தொழில், சொத்து மதிப்பு வரும். அதற்கு முந்தைய தலைமுறை என்றால் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனம்.

கடைசியாக எள்ளுப்பாட்டி. கேள்வியில் அவரையும் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. லைசென்ஸ் கணவன் பெயரில் இருந்தாலும், கடை பல நேரங்களில் பெண்வழியில் வந்திருக்கும். மாமனார் பப்பில் வேலைக்குச் சேர்ந்து மகளைக் கட்டியவர்கள், பப் நடத்திய விதவையைக் கட்டியதால் கடைக்காரர் ஆனவர்கள் ஏராளம். பெயர்பெற்ற உதாரணம் கவிஞர் ஜான் கீட்ஸின் குடும்பம். லண்டன் மூர்கேட்டில் ‘ஸ்வான் அண்ட் ஹூப்’ என்ற விடுதியும் குதிரை லாயமும் அவருடைய தாய்வழித் தாத்தா ஜான் ஜென்னிங்ஸுடையவை. லாயத்தில் வேலை பார்த்த தாமஸ் கீட்ஸ் 1794-இல் முதலாளி மகள் ஃபிரான்சிஸைக் கட்டினார், பிறகு தொழிலை நடத்தினார். 1804-இல் அவர் குதிரையிலிருந்து விழுந்து இறக்க, இரண்டே மாதத்தில் ஃபிரான்சிஸ் மறுமணம் செய்துகொண்டார். மறு வருடம் தாத்தா இறந்ததும் உயில் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனது. கீட்ஸ் என்ற குடும்பப் பெயரை மட்டும் பின்னோக்கித் தேடிப் போகிறவருக்கு அந்த லாயம் எங்கிருந்து வந்தது என்பதே புரியாது, ஜென்னிங்ஸைத் தேடினால்தான் கதை பிடிபடும்.

அதனால் உங்கள் எள்ளுப்பாட்டியின் திருமணச் சான்றிதழை முதலில் வரவழையுங்கள். அதில் அவருடைய தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் ‘இன்கீப்பர்’ என்றோ ‘பீர்செல்லர்’ என்றோ இருந்தால், ‘ரெட் லயன்’ அந்தப் பக்கத்துத் தாத்தாவுடைய கடையாக இருக்கலாம். அது ஹன்ஸ்லெட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சான்றிதழும் 1871 கணக்கெடுப்புப் பக்கமும் கைக்கு வந்ததும், தெருப் பெயரையும் அவருடைய கன்னிப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பதிவேட்டில் எந்தப் பகுதியைப் புரட்டுவது என்று பார்க்கலாம்.